அறிவிப்புப் பலகையில் ஒரு திருமணம்

மதம் மாறாமலே பதிவுத் திருமணம் செய்துகொள்ள வழி தரும் சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன் ஆறாவது பிரிவில் மூன்றாவதாக ஓர் உட்பிரிவு உண்டு. திருமணம் செய்துகொள்ள விரும்பும் இருவரில் எவரேனும் ஒருவர், அறிவிப்புக் கொடுக்கப்பட்ட மாவட்டத்தில் நிரந்தரமாக வசிக்காதவர் என்றால், அந்த அறிவிப்பின் நகலை அவர் நிரந்தரமாக வசிக்கும் மாவட்டத்தின் திருமண அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அங்கும் அது அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட வேண்டும். சில வரிகளே கொண்ட இந்த ஏற்பாடு, பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் பெங்களூருக்கு வந்தவர்களின் வாழ்க்கையில் எப்படி நுழைகிறது என்பதை ஒரு நிகழ்வைக் கொண்டு இங்கே பதிவு செய்கிறேன். இணையரின் வழக்கறிஞரோடு இருந்து மனுக்களைத் தயாரித்துக் கொடுத்தவன் என்ற முறையில் இந்த விவகாரம் எனக்கு நேரடியாகத் தெரியும். இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், நிறுவனம், அலுவலகம், ஆண்டு ஆகியவற்றை விட்டுவிட்டேன். அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெண் கொங்குப் பகுதியில் தோட்டமும் விசைத்தறியும் உள்ள ஒரு குடும்பத்தின் மூத்த மகள். இளைஞர் கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவம் தழுவிய தலித் குடும்பத்தில் பிறந்தவர். கோவையில் பொறியியல் படித்தபோது அறிமுகமாகி, பிறகு வேலைக்காகப் பெங்களூர் வந்து, எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் தனித்தனிப் பி.ஜி. விடுதிகளில் பல ஆண்டுகள் தங்கியிருந்தவர்கள். பெண்ணுக்கு வீட்டில் தாய்மாமன் மகனை முன்பே பேசி வைத்திருந்தார்கள். தனக்கு விருப்பமில்லை என்று அவர் சொன்னதை ஒரு பதிலாகவே வீட்டில் எடுத்துக்கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோதுதான் இருவரும் பதிவுத் திருமணம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மதம் வேறு என்பதால் அவர்களுக்குத் திறந்திருந்த கதவுகள் குறைவு. தமிழ்நாட்டில் இரு இந்துக்கள் என்றால், 1967-இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு சுயமரியாதைத் திருமணத்தை முடித்துவிடலாம். முன்கூட்டி எவருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கு இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். அந்தத் திருத்தமும் தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரியது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும் என்றாலும், அந்த வழியில் போயிருந்தால் இளைஞரின் சொந்த ஊர்ச் சபையில் ஞாயிறு ஆராதனைகளில் கல்யாண ஓலை, அதாவது திருமண முன்னறிவிப்பு, வாசித்திருப்பார்கள். பெண்ணுக்கு ஞானஸ்நானமும் கேட்டிருப்பார்கள். “சாமியை மாத்தாம கல்யாணம் பண்ணிக்க வழி இருக்குங்களா?” என்பதுதான் அந்தப் பெண் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. வழி இருக்கிறது, அதற்காகவே ஒரு சட்டம் இருக்கிறது என்று சொன்னோம். 1872-இல் வந்த பழைய சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணமக்கள் தாங்கள் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் மதங்கள் உள்ளிட்ட எதையும் பின்பற்றாதவர்கள் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1954-இன் சட்டம் அந்த நிபந்தனையை ஒழித்தது. முன் அறிவிப்பை மட்டும் ஒழிக்கவில்லை.

அறிவிப்பு எவ்வளவு விரிவானது என்பது அதைக் கொடுப்பவர்களுக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. இருவரில் ஒருவராவது முப்பது நாளுக்குக் குறையாமல் வசித்த மாவட்டத்தில் அதைக் கொடுக்க வேண்டும். பெயர், வயது, தொழில், இப்போதைய முகவரி, நிரந்தர முகவரி, இதற்கு முன் திருமணம் ஆனவரா என்ற விவரம் எல்லாம் அதில் வரும். அலுவலர் அதைத் திருமண அறிவிப்புப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அந்தப் புத்தகத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பலகையிலும் ஒட்ட வேண்டும். முப்பது நாளுக்குள் எவர் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்கிறது ஏழாவது பிரிவு. தெருவில் போகிறவருக்கும் அந்த உரிமை உண்டு. ஒரு பெண் எங்கே தூங்கி எழுகிறாள், எங்கே வேலைக்குப் போகிறாள், யாரை, எந்தத் தேதிக்குப் பிறகு மணக்கப் போகிறாள் என்பதை அவளைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அரசே எழுதிக் கொடுக்கும் தாள் இது. இரு இந்துக்கள் மண்டபத்தில் மணந்துகொண்டாலும், இரு முஸ்லிம்கள் நிக்காஹ் செய்துகொண்டாலும் இப்படி ஒரு தாள் அரசின் சுவரில் ஏறுவதில்லை.

நகல் ஊருக்குப் போன விதம்

இணையர் அறிவிப்புக் கொடுத்த பெங்களூர் அலுவலகத்தில் இருவரிடமும் ஆதார் அட்டை கேட்டார்கள். இருவரின் அட்டையிலும் இருந்தது சொந்த ஊர் முகவரி. பி.ஜி. விடுதியில் தங்குகிறவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் கிடைக்காது. ஒப்பந்தம் இல்லாமல் முகவரியை மாற்றுவது எளிதன்று. ஊரில் இருக்கும் ரேஷன் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் சிக்கல் வருமோ என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ள, பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் பலர் அட்டையில் இன்னும் ஊரிலேயேதான் குடியிருக்கிறார்கள். ஆதாரில் உள்ள முகவரிதான் நிரந்தர முகவரி, ஆகவே இரண்டு தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் நகல் போகும் என்றார் அலுவலர்.

எங்கள் தரப்பு வாதம் எளிமையானது. நிரந்தரமாக வசிக்கும் இடம் எது என்பதற்கு இந்தச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. ஆகவே உண்மையில் எங்கே வசிக்கிறார், எங்கே தொடர்ந்து வசிக்க எண்ணுகிறார் என்பதைப் பார்த்தே அலுவலர் முடிவு செய்ய வேண்டும். வேலை நியமனக் கடிதம், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, பெங்களூர் வங்கிக் கிளை, விடுதி உரிமையாளரின் கடிதம் ஆகிய எல்லாம் பெங்களூரைக் காட்டுகின்றன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்வருவதால் ஒருவர் அந்த ஊரில் நிரந்தரமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார். இதை எழுத்தில் கொடுத்தோம். அலுவலர் வாங்கி வைத்துக்கொண்டார். நகல் போகத்தான் செய்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு, கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கிலிருந்து பிறந்தது. யாரோடு வாழ்வது என்ற முடிவு அந்த உரிமைக்குள் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு கூறுகிறது. அதே மாநிலத்தின் ஓர் அலுவலகத்தில், ஒரு பெண்ணின் அந்த முடிவை அவளுடைய ஊருக்கு எடுத்துச் சென்றதும் அதே ஆதார் அட்டைதான்.

ஒன்றை மட்டும் தடுக்க முடிந்தது. வழக்கமாகப் பெற்றோர் வீட்டுக்கும் பதிவுத் தபாலில் ஒரு தகவல் அனுப்புவோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. 2009 ஏப்ரலில் பிரணவ் குமார் மிஸ்ரா வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் இதே நடைமுறையை ஆராய்ந்து, மணமக்களின் வீட்டு முகவரிக்கு அறிவிப்பு அனுப்பச் சட்டம் சொல்லவில்லை என்றும், வயது வந்த இருவரின் திருமணத் திட்டத்தைத் தேவையின்றி வெளியிடுவது திருமணத்தையே கெடுக்கலாம், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி எஸ். ரவீந்திர பட். அந்தத் தீர்ப்பின் நகலை மேசையில் வைத்த பிறகு தபால் பேச்சு நின்றது.

அலுவலரைக் கொடியவராகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. நகல் அனுப்பாமல் விட்டு, பிறகு எவரேனும் புகார் கொடுத்தால் அவர்மேல் துறை விசாரணை வரும். தேவையில்லாத நகலை அனுப்பி, அதனால் ஒரு பெண் அடித்து இழுத்துச் செல்லப்பட்டால் அவரை எவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். குறையச் செய்தால் தண்டனை, மிகையாகச் செய்தால் ஒன்றுமில்லை என்ற கணக்கில் இயங்கும் எந்த அலுவலகமும் மிகையைத்தான் தேர்ந்துகொள்ளும். அரசின் அத்துமீறல் என்றதும் தடியும் பூட்ஸும் நம் நினைவுக்கு வருகின்றன. இங்கே அது, தன் வேலைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் முத்திரையாக வந்தது.

பலகையிலிருந்து வாட்ஸ்அப்புக்கு

பெங்களூர் அலுவலகத்துப் பலகையில் அந்தத் தாள் ஆண்டுக்கணக்கில் தொங்கினாலும் எவரும் படித்திருக்கமாட்டார்கள். ஊரில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் அது ஒட்டப்படுவது சார்பதிவாளர் அலுவலகத்தில். அங்கே தினமும் வருகிறவர்கள் யார்? நிலம் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், பாகம் பிரிக்கிறவர்கள், தரகர்கள், பத்திர எழுத்தர்கள். நிலம் உள்ள சாதியின் அன்றாட நடமாட்டம் அந்த முற்றத்தில்தான். அந்தக் குடும்பத்தின் பெயரை அங்கே அறியாதவர் இல்லை. சட்டம் இயற்றியவர்கள் நினைத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேர்ந்திருக்க முடியாது. தாள் ஒட்டப்பட்ட அன்று மாலையே அதன் புகைப்படம் உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. அதில் பெண்ணின் விடுதி முகவரி தெளிவாக இருந்தது.

முதலில் வந்தவர் பெரியப்பா. பெங்களூரில் ஸ்ரீராமபுரத்தில் பல காலமாகக் கடை வைத்திருப்பவர், அவரே இந்தப் பெண்ணை முதன்முதலில் விடுதியில் சேர்த்துவிட்டவர். அவர் சத்தம் போடவில்லை. “கண்ணு, ஒரு மாசம் ஊட்டுக்கு வந்து இருந்துட்டுப் போ. உங்கொப்பன் சாப்பிடறதே இல்ல” என்றார். “இல்லீங்க பெரியப்பா, வந்தா என்னைத் திருப்பி அனுப்ப மாட்டீங்க” என்றாராம் இவர். அதற்குப் பெரியப்பாவிடம் பதில் இல்லை. பொய் சொல்லத் தெரியாதவர் போலும். அடுத்த வாரம் வந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். விடுதி வாசலில் இரண்டு கார்கள் நின்றன. விடுதி உரிமையாளரான கன்னடப் பெண்மணி வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்று இரவே பெண்ணை அலுவலகத் தோழி ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

வெளியூரிலிருந்து வந்த சொந்தங்கள் மட்டும்தான் அழுத்தம் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த நகரத்துத் தமிழர்களிடையே எவ்வளவோ ஒற்றுமை பேசப்படுகிறது. காவிரிக் கலவர நாட்களில் ஒருவரை ஒருவர் காத்ததும் உண்மை. ஆனால் ஊர்க்காரர்கள் சங்கம் என்பது பெரும்பாலும் சாதிக்காரர்கள் சங்கமாகவே இருக்கிறது. பெண்ணின் நிறுவன மேலாளர் ஒருவருக்கு, இவர்களோடு எந்த உறவும் இல்லாத, ஆனால் அதே சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் பேசி, “பொண்ணுக்கு எடுத்துச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டார். மேலாளர் பெண்ணைக் கூப்பிட்டு எடுத்தும் சொன்னார். அலுவலகத்தில் தான் யார் என்பதைவிட யார் வீட்டுப் பெண் என்பதுதான் முன்னால் நிற்கிறது என்பது அன்றுதான் தனக்குப் புரிந்தது என்று அந்தப் பெண் சொன்னார்.

பயம் வெறும் பயமன்று. 2018 நவம்பரில், ஓசூரில் வாழ்ந்த, சாதி மறுத்து மணந்த ஓர் இளம் இணையர் கடத்திக் கொல்லப்பட்டு, அவர்களின் உடல்கள் மண்டியா மாவட்டத்துச் சிவனசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுக்கப்பட்டன. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் எவ்வளவு தூரம் என்பது தினமும் அத்திப்பள்ளி வழியே போய்வருகிறவர்களுக்குத் தெரியும். இளைஞரின் சொந்த மாவட்டத்தில் 2003-இல் விருத்தாசலம் அருகே பதிவுத் திருமணம் செய்துகொண்ட இருவர் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கின் தண்டனைகள் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது 2025-இல்தான்.

அடுத்ததாகப் பெண்ணின் ஊர்க் காவல் நிலையத்தில் ‘பெண் காணவில்லை’ என்று வழக்குப் பதிவானது. எந்த முகவரியில் இருக்கிறார் என்று அரசுத் தாளே சொல்லும் ஒருவரைக் காணவில்லை என்று அரசின் இன்னொரு கை எழுதிக்கொண்டது. ஓர் உதவி ஆய்வாளர் பெண் காவலருடன் பெங்களூர் வந்து, ஊர் நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொன்னார். இந்த இடத்தில் எங்களுக்குத் துணை நின்றது கர்நாடகத்திலிருந்தே போன ஒரு வழக்கு. 2021 பிப்ரவரி 8-ஆம் தேதி லக்ஷ்மிபாய் சண்டராகி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேறு மாநிலம் போய்த் திருமணம் செய்துகொண்ட ஒரு பெண்ணை, நிலையத்துக்கு வராவிட்டால் கணவன்மேல் கடத்தல் வழக்குப் போடுவோம் என்று மிரட்டிய கர்நாடகக் காவல் அதிகாரியைக் கண்டித்தது. வயது வந்த இருவர் மணக்க உடன்பட்டபின் குடும்பத்தின், சமூகத்தின், குலத்தின் சம்மதம் தேவையில்லை என்றும் சொன்னது. அதன் நகலோடு, எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எங்கள் வழக்கறிஞர் முன்னிலையில் வாக்குமூலம் தரப்படும், வேறெங்கும் வரமாட்டார் என்று எழுதிக் கொடுத்தோம். உதவி ஆய்வாளர் நல்ல மனிதர். தமக்கும் அதுதான் வசதி என்று ஒப்புக்கொண்டார். வழக்கு முடிக்கப்பட்டது.

காவல் பாதுகாப்புக் கேட்ட மனு அவ்வளவு எளிதாகப் போகவில்லை. 2018 மார்ச் 27-ஆம் தேதி சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாவட்டங்களிலும் தனிப் பிரிவும், இருபத்துநான்கு மணி நேர உதவி எண்ணும், தேவைப்பட்டால் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உத்தரவிட்டது. நாங்கள் போன நிலையத்தில் அப்படி ஒரு தனிப் பிரிவு எங்கே இருக்கிறது என்று சொல்ல எவருக்கும் தெரியவில்லை. இளைஞரின் நிலை இன்னும் சிக்கலானது. ஊரில் எல்லோரும் அவரைச் சாதிப் பெயரால்தான் அறிவார்கள். மிரட்டல் தொலைபேசியில் வந்ததும் அந்தப் பெயராலேயே. ஆனால் 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரை மட்டுமே ஏற்பதால், கிறிஸ்தவரான அவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் துணை இல்லை. சாதியைச் சொல்லி மிரட்டுகிறவர் அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில்லை, சட்டம்தான் கேட்கிறது.

ஆட்சேபம்

முப்பது நாள் முடிவதற்குச் சற்று முன்பாகத் தந்தை ஆட்சேபம் கொடுத்தார். சட்டம் ஆட்சேபத்துக்கு நான்காவது பிரிவில் உள்ள காரணங்களை மட்டுமே ஏற்கும்: உயிரோடிருக்கும் இன்னொரு கணவனோ மனைவியோ இருத்தல், சம்மதம் தர இயலாத மனநிலை அல்லது திருமணத்துக்குத் தகுதியற்ற அளவுக்கு மனநோய், ஆணுக்கு 21-உம் பெண்ணுக்கு 18-உம் நிறையாமை, தடை செய்யப்பட்ட உறவுமுறை. பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே இருப்பதில் வசதியான ஒன்றை அவர்களுடைய வழக்கறிஞர் எடுத்துக்கொண்டார். பெண்ணுக்கு மனம் சரியில்லை, மூளைச்சலவை செய்யப்பட்டிருக்கிறாள், முன்பெல்லாம் கோயிலுக்குப் போவாள், இப்போது போவதில்லை, பெற்றவர்களிடம் பேசுவதில்லை என்பதாக எழுதியிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, மனநல மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வரும்படி அலுவலர் பெண்ணிடம் சொன்னார். இந்த விவகாரம் முழுவதிலும் அந்தப் பெண் அழுதது அன்று மட்டும்தான். சான்றிதழ் வாங்குவது பெரிய வேலையன்று. வாங்கிக் கொடுத்துவிட்டு முடித்துவிடலாம் என்று இளைஞரும் சொன்னார். வேண்டாம் என்பது எங்கள் முடிவு. குற்றம் சாட்டுகிறவர்தான் ஆதாரம் தர வேண்டும். ஒரு தந்தை எழுதிய கடிதம் போதும், மகள் தன் புத்தி தெளிவானது என்று நிரூபிக்க வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டுவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு பெண்ணும் அந்த வாசலில் நிறுத்தப்படுவாள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் மூன்றாவது பிரிவு இதற்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது: ஒருவர் சார்ந்த சமூகத்தில் நிலவும் ஒழுக்க, சமூக, பண்பாட்டு மதிப்புகளுக்கோ மத நம்பிக்கைகளுக்கோ இணங்கி நடக்காததைக் கொண்டு அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. தந்தையின் மனுவில் நோய்க்கு அடையாளம் என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் இணங்கி நடக்காமைதான். மனுவின் வரிகளை ஒரு பக்கமும் சட்டத்தின் வரிகளை மறுபக்கமும் வைத்து எழுதிக் கொடுத்தோம். எட்டாவது பிரிவின்படி முப்பது நாளுக்குள் அலுவலர் விசாரித்து முடிவெடுக்க வேண்டும் என்பதையும், ஆட்சேபம் ஏற்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்வோம் என்பதையும் சேர்த்துக்கொண்டோம். பதினான்காவது பிரிவு தலைமேல் இருந்தது. அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால், மேல்முறையீடு போன்ற காரணம் இல்லாத நிலையில், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள தடை செய்யப்பட்ட உறவுகளில் அத்தை மகளும் உண்டு, மாமன் மகளும் உண்டு, அக்காள் மகளும் உண்டு. பெண்ணுக்கு வீட்டார் பேசி வைத்திருந்த தாய்மாமன் மகனை அவர் இதே அலுவலகத்தில் மணக்க வந்திருந்தால், குலவழக்கம் அதை அனுமதிக்கிறது என்று காட்டினாலொழிய, ஆட்சேபம் செல்லுபடியாகியிருக்கும். குடும்பம் முறை என்று கருதியதற்குச் சட்டத்தில் தடை. முறைகேடு என்று கருதியதற்கு ஒரு தடையும் இல்லை.

விசாரணை நாளில் தந்தை வந்திருந்தார். மருத்துவப் பதிவு ஏதேனும் உண்டா என்று அலுவலர் கேட்டதற்கு இல்லை என்றார். பெண்ணிடம் பேசிப் பார்த்தபின் ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்து எழுதினார். நேர்மையில்லாத ஆட்சேபம் கொடுத்தவரிடமிருந்து ஆயிரம் ரூபாய் வரை இழப்பீடு வாங்கித் தரலாம் என்கிறது ஒன்பதாவது பிரிவு; 1954-இல் அது ஒரு தொகை. அதை நாங்கள் கேட்கவில்லை, பெண் வேண்டாமென்றார். சில நாட்களில் மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம் நடந்தது. மணமக்களுக்குப் புரியும் எந்த மொழியிலும் உறுதிமொழி சொல்லலாம் என்று பன்னிரண்டாவது பிரிவு இருப்பதால் தமிழில் சொன்னார்கள். சாட்சிகளில் ஒருவர் விடுதி உரிமையாளர்.

அறிவிப்பு எதற்கு?

அறிவிப்பை ஆதரிப்பவர்களின் வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. ஏற்கெனவே மணமான ஒருவன் ஏமாற்றி மணக்கக்கூடும். வயது குறைந்த பெண்ணை அழைத்து வந்துவிடக்கூடும். பெற்றவர்களுக்குத் தெரிய ஒரு வாய்ப்பாவது இருக்கட்டும் என்கிறார்கள். முதல் இரண்டும் உண்மையான கவலைகள். ஆனால் ஒரு மாவட்டத்துப் பலகையில் ஒட்டிய தாளை, வேறொரு மாநிலத்தில் இருக்கும் முதல் மனைவி எப்படிப் பார்ப்பாள்? வயதுக்குச் சான்றிதழ் இருக்கிறது. பொய் உறுதிமொழிக்குக் குற்றவியல் தண்டனை இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டாம் திருமணம் செல்லாது என்பதோடு குற்றமும்கூட. இந்த ஆபத்துகளெல்லாம் மண்டபத் திருமணத்திலும் உண்டு, அங்கே எவரும் முப்பது நாள் அறிவிப்புக் கேட்பதில்லை. மூன்றாவது வாதம்தான் உள்ளபடியே வேலை செய்கிறது. இந்த நிகழ்வில் அறிவிப்பைக் கண்டு வந்தவர்களில் ஒருவர்கூட நான்காவது பிரிவில் உள்ள ஒரு காரணத்தை நம்பி வரவில்லை. பெற்றவர்களின் துயரம் பொய்யன்று. அந்தத் தந்தையை விசாரணை நாளில் பார்த்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மகள் அவரிடம் சொல்ல வேண்டுமா, எப்போது சொல்ல வேண்டும் என்பது மகளுக்கும் அவருக்கும் இடையில் உள்ள விஷயம். சார்பதிவாளர் அலுவலகச் சுவர் அதற்கு இடமன்று.

நீதிமன்றங்கள் இந்தப் பக்கமாகவே மெல்ல நகர்ந்து வந்திருக்கின்றன. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் விரும்பினாலொழிய அறிவிப்பை வெளியிடத் தேவையில்லை என்றது. அதைக் காட்டியபோது, அது உத்தரப் பிரதேசத்துக்கு என்று எங்கள் அலுவலர் சொன்னதில் சட்டப்படி தவறில்லை. கேரளத்தில் 2020-இல் இந்த அறிவிப்புகளை இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தினார்கள், பலகை தொடர்ந்தது. 2023 ஏப்ரலில் ஒருபாலினத் திருமண வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, இந்த அறிவிப்பு ஆணாதிக்கப் பார்வையில் பிறந்தது என்று வாய்மொழியாகக் கருத்துச் சொன்னது. அக்டோபர் தீர்ப்பில் அந்தப் பிரிவுகள் ரத்தாகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், தமிழ்நாட்டிலிருந்து வந்த இளவரசன் வழக்கில், வழக்கறிஞர் அறையில் மறைவாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2014 நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் தவறென்றது. வீட்டு எதிர்ப்பாலும் உயிர்ப் பயத்தாலும் பகிரங்கமாக அறிவிக்க முடியாதவர்களைக் கட்டாயப்படுத்துவது அவர்களின் உயிரையே பணயம் வைப்பதாகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த அமர்விலும் இருந்தவர் 2009-இல் தில்லியில் தீர்ப்பெழுதிய அதே ரவீந்திர பட். ஆக, ஒரே நாட்டில், இரு இந்துக்கள் தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாமல் மணந்துகொள்ள உரிமை உண்டு. ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டால் ஊருக்கெல்லாம் தெரியத்தான் மணக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் நகர்வு இருக்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தராகண்டின் பொதுச் சிவில் சட்டம், மணமின்றிச் சேர்ந்து வாழ்பவர்களும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், 21 வயது நிறையாதவர் என்றால் பெற்றோருக்கும் போகும். பலகைக்குப் பதில் நேரடியாகவே வீட்டுக்கு.

எங்களிடம் வருபவர்களிடம் இப்போது முதலில் கேட்கும் கேள்வி, ஆதாரில் எந்த ஊர் என்பது. வாடகை ஒப்பந்தம் போட்டு, முகவரியை மாற்றி, அதற்குப் பிறகு அறிவிப்புக் கொடுங்கள் என்கிறோம். நல்ல யோசனைதான், ஆனால் ஆறாவது பிரிவை அது தொடுவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. அந்தப் பிரிவையே எதிர்த்து வழக்குப் போடலாமே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டோம். திருமணத்துக்குப் பிறகு அவர் தயாராகத்தான் இருந்தார். ஆனால் 2022 ஆகஸ்டில் இதே அறிவிப்புப் பிரிவுகளை எதிர்த்து ஒரு பெண் தொடுத்த மனுவை, அவர் ஏற்கெனவே இந்தச் சட்டத்தின் கீழ் திருமணம் முடித்துவிட்டதால் இனி பாதிக்கப்பட்டவர் அல்லர் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. அப்படியானால் அறிவிப்பு சுவரில் ஒட்டியிருக்கும் நாட்களிலேயே ஒருவர் நீதிமன்றம் போக வேண்டும். அவருடைய பெயர், முகவரி, மணக்கப்போகும் ஆளின் பெயர் எல்லாம் மனுவில் வேண்டும். அந்த நாட்களில் எங்களிடம் வரும் எவரும் வழக்குக் கேட்டு வருவதில்லை. தங்குவதற்கு ஓர் இடமும் மூன்று சாட்சிகளும்தான் கேட்கிறார்கள்.